மகாராணியின் சிரிப்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. பெட்டியும் நானும் உடையாமல் வந்து சேர்ந்தோம். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படி? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எரிச்சல் மட்டும்தான்.

நீ துரத்தித் துரத்தி அனுப்பினாயே, அந்த ஸ்டுடியோ ஒரு பழைய கிடங்கு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருக்கிறார்கள். விளக்கைப் போட்டால் அடுப்புக்குள் நிற்பது போல இருக்கிறது, அணைத்தால் யார் காலை யார் மிதிக்கிறோம் என்று தெரியவில்லை. பாடம் நடத்துகிற அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் மீட்டர். வெளிச்சம் அளக்கிற மீட்டரைக் கழுத்திலிருந்து கழற்றுவதே இல்லை. முதல் நாளே என்னை நிறுத்திக் கேட்டார்.

"எத்தனை வருஷமா படம் எடுக்கறீங்க?"

"எங்க அப்பா இருந்த காலத்துலேர்ந்து."

"அப்ப மறக்க வேண்டியது நிறைய இருக்கும்."

எப்படி இருக்கிறது பார்! ஆளை உட்கார வைத்துப் பழக விட மாட்டாராம். துணிக்கடையில் கழித்துப் போட்ட, தோள் வரைக்குமான ஒரு பொம்மைத் தலையை முக்காலி மேல் வைத்திருக்கிறார். மூக்கு நுனி உதிர்ந்து, உதடு இறுகி, நம்மை வேலைக்காரனைப் பார்ப்பது போலப் பார்க்கும். அதற்குப் பெயர் மகாராணி. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளுக்கு விளக்குப் பிடிப்பதுதான் என் உத்தியோகம். கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டுமாம். "மூக்கு, கண்ணு எதையும் பாக்காதீங்க. வெளுப்பு எங்க, கறுப்பு எங்க, அது போதும்" என்கிறார். நான் பாதி மூடினால் மீதியும் மூடிக்கொள்கிறது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நம் போட்டோக் கடையில் நாம் நன்றாகத்தானே இருந்தோம்? நான் படம் எடுப்பேன். நீ நெகட்டிவில் பென்சிலை வைத்துப் பரு, சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவாய். என் அடையாள அட்டைப் படத்தில் தாடைத் தழும்பையே காணாமல் போக்கினவள் நீ. உன் பென்சில் இருக்கும்போது எனக்கு எதற்கு இந்தத் தண்டனை?

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தானுக்கு முழங்கால் வலி. வலி எவ்வளவோ, அதைச் சொல்லி வேலையைத் தள்ளிப்போடுவது அதைவிட அதிகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என் பென்சில் இருக்கிற தைரியத்தில்தான் நீ கண்டபடி விளக்கைக் கொளுத்துகிறாய். ஆள் வந்து உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே ஒன்று, காதுக்கு ஒன்று. போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவன் மாதிரி விழிக்கிறான். அவனை மனிதனாக்குவது என் வேலை. இது எத்தனை நாளைக்கு?

நீ தையல் கற்றுக்கொண்டாய், சட்டைக்குக் கை வைக்குமுன் விட்டாய். டைப்ரைட்டிங் போனாய், இடது கை மட்டும் பழகி வந்தாய். கார் ஓட்டினாய், இன்று வரை பின்னால் எடுக்க வராது. இதையாவது முழுசாகப் படி. பென்சில் படாமல் பிரிண்ட் போடக்கூடிய ஒரு முகத்தை எடுத்துவிட்டுத்தான் நீ வீட்டுக்கு வர வேண்டும். அதுவரை வாசலில் உன்னைப் பார்க்கக் கூடாது.

எடுக்கிற படங்களை அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவர் நலத்துக்கும் அத்தானின் முழங்காலுக்கும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் வலது கை விரலில் கொப்புளம். விளக்கின் தகரத்தைத் தொட்டுவிட்டேன். மீட்டர் மருந்து தரவில்லை, "விளக்கு சூடா இருக்கும்" என்ற அரிய தகவலைத் தந்தார்.

மகாராணியை விட்டு மனிதர்களிடம் வந்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். மனிதர்கள் அசைகிறார்கள் அக்கா! விளக்கைச் சரி செய்துவிட்டுத் திரும்பினால் ஆள் மூக்கைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் உட்கார்ந்திருக்கிறான். ஒரு விளக்கு வைத்தால் பாதி முகம் இருட்டு. இருட்டைத் தணிக்க இரண்டாவது விளக்கு வைத்தால் மூக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு நிழல், மீசை முளைத்த மாதிரி. மீட்டர் பிரிண்டைப் பார்த்து, "இந்த ரூமுக்கு எத்தனை சூரியன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய.

இத்துடன் விடுதிச் சமையல்காரம்மாவின் படம். பழைய வாசனை இல்லாமல் எடுத்திருக்கிறேன். கண்ணுக்குக் கீழே பை தெரிகிறதா, உதட்டோரச் சுருக்கம் உறுத்துகிறதா, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுது. வழக்கம்போலத் திட்டு, பரவாயில்லை.

உன் தம்பி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் விரல் ஆறிவிட்டதா? தண்ணீரில் நனைக்காதே.

படம் கிடைத்தது. இடது பக்கம் கனமாக இருக்கிறது. ஒரே கையில் பையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்கிறவள் மாதிரி முகம் ஒரு பக்கம் சாய்கிறது. அதைச் சரி செய்.

வேறு விசேஷம் இல்லை. கடையில் பாஸ்போர்ட் படம் மட்டும் அத்தான் எடுத்துக் கொடுக்கிறார். நான் பென்சில் வேலை செய்கிற ஜன்னலோர மேஜையில் இப்போது ஃப்ரேம்களை அடுக்கி வைத்திருக்கிறார். இடம் வீணாகாமல் இருக்கிறது. மழைக்கு முன் இருட்டறைக் கதவுக்கு வார்னிஷ் அடிக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நீ எழுதியதை நம்புகிறேன். எழுத ஒரு மாதம் ஆனதைத்தான் நம்ப முடியவில்லை.

கண்ணுக்குக் கீழே பார் என்றால் கை, பை, தெரு என்று கதை சொல்கிறாய். முன்பெல்லாம் ஒரு இமை மயிர் தப்பினால் கடை அதிரக் கத்துவாய். அந்த அம்மாவின் நெற்றியில் ஒரு தீக்காயம் இருக்கிறது, எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து பார்த்தாலும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? ஒரு தடவை பார்த்துவிட்டு வார்னிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாய் போலிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வரி மேல் வரி ஏறி, ஓரத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு அவசரமாக எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால் மீட்டரும் இடது பக்கம் கனம் என்றுதான் சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களா?

எனக்குப் போதும் அக்கா. என் வயசுக்குப் பாதி வயசுப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்கிறதை நான் மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். விளக்குத் தூக்கித் தூக்கித் தோள் ஓய்ந்துவிட்டது. நம் கடைக்கு நான் எடுக்கிற படமும் உன் பென்சிலும் தாராளமாகப் போதும். மாதக் கடைசியில் மூட்டையைக் கட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.

தம்பி


மே 24

தம்பிக்கு,

உடம்பு சுகம்தானே? இங்கே சுகம்.

வராதே. மூட்டையைக் கட்டினால் அந்த மூட்டையோடு வேறு ஊர் பார்த்துக்கொள். பென்சிலை நம்பி வராதே. இதற்கு மேல் காரணம் கேட்காதே.

இடது பக்கத்தைச் சரி செய்து அடுத்த படத்தை அனுப்பு.

அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானும் நீயும் நலமா? மழை ஆரம்பித்திருக்குமே, கதவுக்கு வார்னிஷ் அடித்தாயிற்றா?

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினால் மரியாதை கெட்ட வார்த்தைகள் வந்துவிடும் என்று ஆறப்போட்டேன். காரணம் கேட்காதே என்கிறாய், சரி, கேட்கவில்லை. ஆனால் கோபம் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது விளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அதற்குப் பதில் ஒரு வெள்ளை அட்டை. விளக்கு ஒரு பக்கம், அட்டை மறு பக்கம். விளக்கிலிருந்து வருகிற வெளிச்சத்தையே அட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. அதனால் மூக்குக்கு ஒரே நிழல்தான். கடைக்குத் திரும்பினால் என் பழைய விளக்குகளில் பாதியை விற்றுவிடலாம். முதலில் மகாராணியை வைத்து எடுத்துப் பார்த்தேன், பிறகு விடுதிக்காரரின் மகளை. அவள் நர்ஸ். அசையாதே என்றால் மூச்சையும் நிறுத்திவிடுகிறாள். பேசிப் பேசிச் சிரிக்க வைத்தேன். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்தக் குழியில் நிழல் மெல்ல இறங்குகிறது பார், அதை எடுக்கத்தான் இத்தனை பாடு.

மீட்டர் இதைப் பார்த்து ஒன்றுமே சொல்லவில்லை. அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. நீயாவது வாய் திறந்து சொல். நர்ஸ் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி


ஜூலை 26

அன்புள்ள தம்பிக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ இளைத்துப் போயிருப்பாய் என்று அத்தான் சொல்கிறார்.

படம் வந்தது. வெகு நேரம் வைத்துப் பார்த்தேன். விளக்கு இடது பக்கத்தில், தலைக்கு ஒரு சாண் மேலே. அட்டையை வலது பக்கம் தோளுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்திருக்கிறாய். நிழல் தாடைக்குக் கீழே நின்றுவிட்டது, கழுத்தில் வழியவில்லை. கனம் இரண்டு பக்கமும் சரியாக இறங்கியிருக்கிறது. இதுதான் நான் கேட்டது.

அந்தப் பெண்ணின் சிரிப்பும் நன்றாக வந்திருக்கிறது. கன்னத்துக் குழி அழகு. நல்ல குடும்பத்துப் பெண் போலத் தெரிகிறது. பேசிச் சிரிக்க வைத்ததோடு நிறுத்திக்கொள்வாயா, இல்லை அத்தானை அனுப்பி விசாரிக்கச் சொல்லட்டுமா?

ஆசீர்வாதத்துடன்,
அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதற்காகத்தான்.

உன் கடிதம் வந்த அன்று தலைகால் புரியவில்லை. நர்ஸுக்கு ஒரு பிரதி கொடுக்கலாம் என்று படங்கள் போட்டு வைத்த டப்பாவைத் திறந்தேன். அவள் படம் உள்ளேயே இருந்தது. கவரில் போய்ச் சேர்ந்தது மகாராணியின் படம். மூக்கு உதிர்ந்த, உதடு இறுகிய பொம்மைத் தலை. அதைப் பார்த்துத்தான் நீ சிரிப்பு அழகு, குழி அழகு, நல்ல குடும்பம் என்று எழுதியிருக்கிறாய்.

முதலில் சிரித்தேன். அறைக்காரர்களிடம் காட்டி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் கோபம் வந்தது. நீ கவரைக்கூடப் பிரிக்கவில்லை, நான் எழுதினதையே எனக்குத் திருப்பி எழுதி ஏமாற்றிவிட்டாய் என்று உன்னைத் திட்டித் தீர்த்து ஒரு கடிதம் எழுதினேன்.

அதை மடிக்கும்போது இன்னொரு தடவை உன் கடிதத்தைப் படித்தேன். விளக்கு ஒரு சாண் மேலே என்கிறாய். ஒரு சாண்தான். அட்டை தோளுக்குப் பக்கத்தில் என்கிறாய். அங்கேதான் வைத்தேன், அதை நான் உனக்கு எழுதவே இல்லை. அப்படியானால் நீ படத்தைப் பார்த்திருக்கிறாய். வெகு நேரம் பார்த்திருக்கிறாய். வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறாய், முகத்தைப் பார்க்கவில்லை.

சமையல்காரம்மாவின் தீக்காயம், கோணல் வரிகள், மேஜை மேல் ஃப்ரேம். எல்லாவற்றுக்கும் நான் உன் மேல் எரிந்து விழுந்தேன்.

அக்கா, உன் கண்ணுக்கு என்ன?

பெட்டி கட்டியாயிற்று. உன் பதிலுக்காக மட்டும் காத்திருக்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கண் நன்றாக இல்லை.

நீ கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. நேராகப் பார்த்தால், கண்ணாடியில் அழுக்கு விரலை வைத்து எடுத்த மாதிரி நடுவில் ஒரு கறை. ஓரத்தில் எல்லாம் தெரிகிறது. வாசல் தெரியும், நாற்காலி தெரியும், நீ வந்தால் நடையை வைத்துச் சொல்லிவிடுவேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் முகம் இல்லை. முழுக்க இருட்டாகாது, திரும்பியும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு அம்மாளின் நெகட்டிவில் நெற்றிச் சுருக்கத்தை எடுக்கிறேன் என்று அவள் கண்ணிலேயே பென்சிலைத் தேய்த்திருக்கிறேன். பிரிண்ட் போட்டால் ஒரு கண் வெள்ளையாக வந்தது. ஃபிலிம் சரியில்லை என்று அத்தான் அவளிடம் பொய் சொன்னார். நீ பக்கத்தில்தான் நின்றாய், நீயும் ஃபிலிம் கம்பெனிக்காரனைத் திட்டினாய். அன்றைக்கு முடிவு செய்தேன், உன்னை அனுப்பியாக வேண்டும் என்று.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? போகவே மாட்டாய். போன பிறகு சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாய். நாலாவது அரைகுறைப் படிப்பாக இதுவும் சேரும். பிறகு கடையில் நீ எடுக்கிற படத்தை யார் திருத்துவது?

உன் கடிதங்களை அத்தான்தான் படித்துக் காட்டுகிறார். என்னைத் திட்டுகிற இடம் வந்தால் மட்டும் குரல் நன்றாக ஏறுகிறது, ரொம்ப நாளாக அவரே சொல்ல நினைத்தது போல. பதிலை நானேதான் எழுதுவேன். கையெழுத்து மாறினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படியும் ஏறிவிடுகிறது. படத்தை மட்டும் அவரிடம் காட்டியதில்லை. படம் பார்ப்பது என் வேலை என்ற வீம்பு. அந்த வீம்புதான் மகாராணியிடம் மாட்டிவிட்டது.

பயமாக இருக்கிறது தம்பி. பென்சிலைச் சீவிச் சீவி டப்பாவில் போடுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எரிச்சலில் அத்தானைக் கடித்துக் குதறுகிறேன், பாவம்.

இதையெல்லாம் சொன்னது நீ வருவதற்காக இல்லை. பெட்டியைப் பிரி.

அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? மறைக்காமல் எழுது. அத்தானுக்கும் வணக்கம். அத்தான், இந்த இடத்தில் குரலை ஏற்றிப் படியுங்கள்: உங்கள் இருவரையும் நான் மன்னிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். இரண்டு தடவை கட்டி இரண்டு தடவை பிரித்தேன். பஸ் நிலையம் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினதும் உண்டு. இங்கே இருப்பதைவிட வந்துவிடுவது எனக்குச் சுலபம். அதனால்தான் வரவில்லை.

கண்ணைப் பாதி மூடும் வித்தை இன்னும் எனக்கு வரவில்லை. மூக்கைப் பார்த்ததும் மூக்கிலேயே நின்றுவிடுகிறேன். உன்னைப் பற்றி மீட்டரிடம் சொன்னேன். கழுத்திலிருந்த மீட்டரைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "நான் கண்ண மூடிப் பாக்கறத அவங்க திறந்துக்கிட்டே பாக்கறாங்க. படத்த அவங்களுக்கு அனுப்புங்க" என்றார். ஆறுதலாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யாருக்கு வேண்டும் அப்படி ஒரு பார்வை?

கடைசிப் பரீட்சை முடிந்தது. ஒரு விளக்கு, ஒரு அட்டை, ஒரு முகம். பிரிண்டில் எதுவும் திருத்தக் கூடாது. பழகின முகமாக இருக்கலாம், அழகான முகமாக இருக்கக் கூடாது என்று எனக்கு மட்டும் தனிச் சட்டம். மகாராணியை முக்காலியில் வைத்து வெளிச்சத்தைச் சரி பார்த்து, அவளைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் ஆளை உட்கார வைத்து எடுத்தேன்.

இந்தத் தடவை கவரை மூன்று பேரிடம் காட்டி ஒட்டினேன். ஆள் யார் என்று எழுத மாட்டேன், எழுதினால் நீ அதையே திருப்பிச் சொல்வாய். வெளிச்சத்தை மட்டும் பார். சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல். இன்னும் ஆறு மாதம் இருந்து படிக்கிறேன்.

உன் தம்பி


அக்டோபர் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். முழங்கால் பரவாயில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. சொல்வது உன் அக்கா.

"படம் வந்தது. விளக்கு வலது பக்கம், கண்ணுக்கு மேலே, கொஞ்சம் முன்னால். அட்டையை நெஞ்சுக்குக் கிட்டத்தில் சாய்த்து வைத்திருக்கிறாய். பின்சுவரில் வெளிச்சம் சிந்தவில்லை. ஒரு பக்கம் இருட்டாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் சாயவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே குறை, ஆள் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருக்கிறது. யார் இந்த ஆள்? அவனோடு நாலு வார்த்தை பேசியிருக்கலாமே."

அவள் சொன்னது இவ்வளவு. இனி நான்.

நான் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். "என்ன, எழுதலையா?" என்றாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. "அது உன் தம்பிதான்" என்றேன்.

படத்தை முகத்துக்கு வலது பக்கம் கொண்டுபோனாள், இடது பக்கம் கொண்டுபோனாள், ஜன்னலுக்கு எழுந்து போனாள். உன் முகம் எந்த ஓரத்திலும் அகப்படவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"தாடையில தழும்பு இருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பென்சில் பட்டிருக்கா?"

அவளுடைய பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். "படல. தழும்பு அப்படியே இருக்கு."

"அசிங்கமாத் தெரியுதா?"

"இல்ல. அவன மாதிரியே இருக்கு."

ஜன்னலோர மேஜையிலிருந்த ஃப்ரேம்களைத் தள்ளி இடம் பண்ணி, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அதன் பிறகு என்னிடம் வந்து, "அவன வரச் சொல்லுங்க" என்றாள்.

வா, மாப்பிள்ளை.

அன்புடன்,
அத்தான்